பன்னிரண்டு சிவப்புக் கோடுகள்

அச்சுக்கு இசைத்தாள் அடிக்கும் உங்களில் ஒரு தங்கை போன வாரம் என்னிடம் கேட்டாள்: "அக்கா, புள்ளி வச்ச சுரத்தை வேகமா அடிக்க ஏதாச்சும் ஷார்ட்கட் இருக்கா? ஒவ்வொண்ணா வச்சு வச்சு விரல் தேயுது."

இருக்கிறது. அதைக் கண்டுபிடித்து, அதைப் பற்றி ஊரெல்லாம் பெருமையடித்து, கடைசியில் அதாலேயே ஒரு பள்ளிக்கூடத்து மண்டபத்தில் தலைகுனிந்து நின்றவள் நான். ஷார்ட்கட்டையும் சொல்கிறேன், நின்ற கதையையும் சொல்கிறேன். இரண்டையும் சேர்த்துத்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். தனித்தனியாகத் தருவதில்லை.

தொழிலுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு முதலில் ஒரு சின்ன விளக்கம். தாளத்தின் ஒரு தட்டுக்குள் இரண்டு சுரம் வருகிறது என்று வையுங்கள். இரண்டும் ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டால் வம்பில்லை. முதல் சுரம் முக்கால் தட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதற்குக் கால் தட்டு மட்டும் விட்டால், முதல் சுரத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைக்கிறோம். எங்கள் அச்சுக்கடையில் அதற்கு 'நெட்டை-குட்டை' என்று பெயர். அதையே திருப்பி, முதலாவது கால், இரண்டாவது முக்கால் என்று வந்தால் புள்ளி இரண்டாவது சுரத்துக்குப் போய்விடும். அது 'குட்டை-நெட்டை'. புள்ளி இந்தப் பக்கமா அந்தப் பக்கமா, அவ்வளவுதான் வித்தியாசம். பார்க்க ஒன்றுமில்லை போலத்தான் இருக்கும்.

தொண்ணூறுகளின் கடைசி. டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், மாடியில் இருந்தது எங்கள் கடை. கல்யாணப் பத்திரிகை, கேள்வித்தாள், கட்சி நோட்டீஸ் எல்லாம் அடிப்போம். முதலாளி உசிலம்பட்டிக்காரர். எல்லாருக்கும் அவர் அண்ணேதான். சர்ச் பாடகர் குழுக்கள் வந்து கேட்கிறார்களே என்று, மேற்கத்திய முறையில் ஐந்து கோட்டில் சுரம் எழுதும் மென்பொருள் ஒன்றை அவர் வாங்கிப் போட்டார். அவருக்குச் சுரம் என்றால் காய்ச்சல்தான் தெரியும். நான் கான்வென்டில் படித்தபோது பாட்டுக் குழுவில் இருந்தவள், அந்த ஐந்து கோட்டை வாசிக்கத் தெரியும். அதனால் அந்த கம்ப்யூட்டர் என் வசம் வந்தது. மதுரையிலேயே இந்த வேலை தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று எனக்கு ஒரு நினைப்பு. சரிபார்க்க ஆள் இல்லாததால் அந்த நினைப்பு நன்றாகக் கொழுத்து வளர்ந்தது.

சர்ச் பாட்டுகளில் புள்ளி நிறைய வரும். ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று விசை தட்ட வேண்டும். ஒரு நாள் எரிச்சலில் உட்கார்ந்து ஒரு வழி கண்டுபிடித்தேன். எல்லாச் சுரத்தையும் சமமாக, கண்ணை மூடிக்கொண்டு அடித்துவிடுவது. பிறகு பக்கம் முழுவதையும் தேர்ந்தெடுத்து ஒரே ஒரு விசை. சமமாக இருந்த ஜோடி எல்லாம் நெட்டை-குட்டையாக மாறிவிடும். சமமாகவே இருக்க வேண்டிய ஓரிரண்டைத் திரும்பப் போய்ச் சரி செய்தால் போதும். அரை நாள் வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் திரையில் புள்ளிகள் ஒரே நொடியில் முளைப்பதைப் பார்த்துவிட்டு, "வேகம் சரித்தான் தாயி. கண்ணும் கூட வருதா?" என்று கேட்டார். சுரம் தெரியாதவருக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது என்று நான் சிரித்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் பாட்டு டீச்சர் வந்தார். நகரத்தில் ஒரு பெண்கள் பள்ளி. அதன் பெயர் இங்கே வேண்டாம். என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவராக இருப்பார். பள்ளியின் பொன்விழாவுக்கு அவரே ஒரு பாட்டு எழுதி, அவரே மெட்டுப் போட்டு, நான்கு குரலுக்குப் பிரித்து எழுதியிருந்தார். ஆண் குரலுக்காக, மலை மேல் இருக்கும் ஓர் ஆங்கிலப் பள்ளியின் பையன்களை நிர்வாகம் அழைத்திருந்தது. நாடு முழுவதிலிருந்தும் வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள். தாளைக் கொடுத்தால் தாளில் இருப்பதை அப்படியே பாடுவார்கள், தமிழ் மட்டும் தெரியாது. அவர்களுக்கு நாற்பது பிரதி வேண்டும், பாட்டின் சொற்களை ஆங்கில எழுத்தில் அடித்துக் கொடுக்க வேண்டும்.

"பாத்து அடிங்க," என்றார் பாட்டு டீச்சர். "பதினோரு வருஷமா அந்த ஸ்கூல்ல நான் தற்காலிகம். ஒவ்வொரு ஜூன் மாசமும் இந்த வருஷம் கூப்பிடுவாங்களா மாட்டாங்களான்னு உக்காந்திருக்கணும். இந்தத் தடவை தாளாளரே வாயைத் திறந்து சொல்லிட்டாரு, பாட்டு நல்லா வந்தா நிரந்தரமா ஆர்டர் போட்டுருவோம்னு."

கையெழுத்துப் பிரதியின் கடைசிப் பக்கத்தில் அவருடைய ரப்பர் ஸ்டாம்ப் இருந்தது: இசை ஆசிரியை (தற்காலிகம்). அடைப்புக்குறி உட்பட ரப்பரில் வெட்டி வைத்திருந்தார்கள். அதையும் தாளின் அடியில் போடச் சொன்னார். பள்ளியின் விதியாம்.

"புரூஃப் பாக்க நாளைக்கு வரவா?" என்று கேட்டார்.

"எதுக்கு டீச்சர் அலையுறீங்க? நான் பாத்துக்கிறேன்," என்றேன். இந்த வாக்கியத்தை உங்களில் யாராவது ஒரு வாடிக்கையாளரிடம் சொல்லி நான் கேட்டால், ஓய்வு பெற்றவள் என்றும் பார்க்காமல் வந்து காதைத் திருகுவேன்.

பாட்டின் பல்லவி நான்கு வரி.

வைகைக் கரை நிலா
வானில் வரும் உலா
வண்ணம் கூட்டும் விழா
எங்கள் பள்ளி விழா

இது மூன்று முறை வரும். நீலப் பேனாவில் சுத்தமான எழுத்து. ஆனால் ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லிலும், நிலா, உலா, விழா என்று வரும் பன்னிரண்டு இடங்களிலும், சுரத்துக்கு அடியில் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டிருந்தார். உற்றுப் பார்த்தேன். அந்தப் பன்னிரண்டு இடத்திலும் புள்ளி இரண்டாவது சுரத்தின் பக்கத்தில் இருந்தது. குட்டை-நெட்டை.

நான் யோசிக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. யோசித்துத்தான் தப்பாக முடிவு செய்தேன். கடையில் அதுவரை அடித்த அத்தனை பாட்டிலும் ஒரு குட்டை-நெட்டைகூட வந்ததில்லை. இவரோ பள்ளிக்கூட டீச்சர். டீச்சர் சிவப்புக் கோடு போட்டால் என்ன அர்த்தம்? ஒன்றாம் வகுப்பிலிருந்து என் நோட்டில் விழுந்த சிவப்புக் கோடு எல்லாவற்றுக்கும் ஒரே அர்த்தம்தான். பாவம், அவசரத்தில் புள்ளியைப் பக்கம் மாற்றி வைத்துவிட்டு, திருப்பி எழுத நேரமில்லாமல் தப்பு என்று கோடு போட்டுக் கொடுத்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். பக்கம் முழுவதையும் தேர்ந்தெடுத்தேன். ஒரு விசை தட்டினேன். பன்னிரண்டும் நெட்டை-குட்டையாக நிமிர்ந்து நின்றன. டீச்சருக்கு ஓர் உபகாரம் செய்த திருப்தி வேறு.

சொற்களைக் கடைசியில்தான் அடித்தேன். தமிழில் அடித்திருந்தால் அப்போதாவது கண்ணில் குத்தியிருக்கும். ஆங்கில எழுத்தில் குறிலும் நெடிலும் ஒன்று போலத்தான் தெரிந்தன. ஸ்டாம்பில் இருந்ததை மட்டும் தமிழில், அடைப்புக்குறிகூடப் பிசகாமல் அடித்தேன். பிரதிகள் அன்றைக்கே மலைக்குப் போய்விட்டன. டீச்சரின் பெண்கள் கேட்டே கற்றவர்கள், அவர்களுக்குத் தாள் தேவைப்படவில்லை. மூன்று வாரம் இவர்கள் கீழேயும் அவர்கள் மேலேயும் தனித்தனியாகப் பழகினார்கள்.

பொன்விழா அன்று காலையில்தான் இரண்டு குழுவும் சேர்ந்து ஒத்திகை. பாட்டைக் கேட்கும் ஆசையில் நானும் போயிருந்தேன். ஒருவேளை கேட்பார்கள் என்று கையெழுத்துப் பிரதியையும் பையில் வைத்திருந்தேன். மின்வாரியத்தில் மாதாந்திரப் பராமரிப்பு. ஊரில் பாதிக்குச் சாயங்காலம் வரை கரண்ட் கிடையாது. மண்டபத்தில் ஃபேன் ஓடவில்லை. முன்வரிசையில் தாளாளர் நிகழ்ச்சி நிரலை விசிறியாக்கி வீசிக்கொண்டிருந்தார். பாட்டு டீச்சர் கையைத் தூக்கினார்.

முதல் வரியின் கடைசிச் சொல் வந்தது. பெண்கள் 'நிலா' என்றார்கள். நாற்பது பையன்கள், நல்ல கனத்த குரலில், 'நீல' என்றார்கள். பெண்கள் 'உலா', அவர்கள் 'ஊல'. மூன்றாவது வரியில் பெண்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பாதிப் பேர் வாயை மூடிக்கொண்டார்கள். அதனால் நான்காவது வரி அநேகமாகப் பையன்களின் குரலில் மட்டும் கேட்டது. எந்தக் குழப்பமும் இல்லாமல், முழு நம்பிக்கையோடு, தாளில் நான் அடித்துக் கொடுத்ததை அப்படியே பாடினார்கள்.

எங்கள் பள்ளி வீழ.

தாளாளர் எழுந்துவிட்டார். "நிப்பாட்டுங்க! என்னம்மா பாடுறாங்க? அம்பது வருஷம் கட்டிக் காப்பாத்துன பள்ளிக்கூடம். பொன்விழா மேடையில ஏத்திவச்சு 'வீழ'ங்குறாங்க! கலெக்டர் வாராரு, கேட்டுட்டு என்ன நெனைப்பாரு? இந்தப் பாட்டே வேண்டாம். பக்திப் பாட்டுக் கேசட் ஒண்ணு இருக்கு, அதைப் போட்டுக்கலாம்."

பாட்டு டீச்சர் ஒரு பையனின் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தார். அவர் விரல் வரியின் ஓரத்தில் நின்றது. அடுத்த வரிக்குப் போய் மறுபடியும் நின்றது. பிறகு தலையைத் தூக்கி, மண்டபத்தின் ஓரத்தில் நின்ற என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூட எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

நான் உடனே வாயைத் திறந்தேன் என்று சொல்லத்தான் ஆசை. திறக்கவில்லை. மேலே ஓடாமல் தொங்கிய ஃபேன்களை எண்ணினேன். ஆறு. மறுபடியும் முதலிலிருந்து எண்ணினேன். கடையின் பெயர் கெடுமே, அண்ணன் என்ன சொல்வார், மதுரையிலேயே ஒருத்தி என்ற என் பட்டம் என்ன ஆகும் என்றெல்லாம் அந்த நேரத்தில் மனது கணக்குப் போட்டது. பதினோரு வருஷம் என்று அவர் சொன்னது அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது. அந்த இரண்டாவது எண்ணிக்கைக்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

"சார், தப்பு என்னோடது," என்றேன். "அடிச்சவ நான். டீச்சர் சரியாத்தான் எழுதியிருக்காங்க. இந்தா பாருங்க." பையிலிருந்து கையெழுத்துப் பிரதியை எடுத்து நீட்டினேன்.

தாளாளருக்குச் சுரம் தெரியாது. ஆனால் ஒன்று தெரிந்தது. "இதென்ன சிவப்புக் கோடு? அவங்களே தப்புன்னு போட்டு வச்சிருக்காங்களே. தப்புன்னு தெரிஞ்சேதான் அடிக்கக் குடுத்தாங்களா?"

டீச்சரைக் காப்பாற்ற எடுத்த காகிதமே அவருக்கு எதிராகத் திரும்பிவிட்டது. தாளாளர் நான் படித்தது போலவே படித்துவிட்டார்.

பாட்டு டீச்சர் மேடையிலிருந்து இறங்கி வந்தார். "சார், அது தப்புக்குப் போட்ட கோடு இல்லை. இந்த இடத்துல வழக்கமில்லாம மாறி வருது, கவனமாப் பாத்து அடிங்கன்னு போட்டேன். வாயால ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். சொல்லாதது என் தப்பு."

"புரூஃப் பாக்க வரவான்னு கேட்டாங்க சார். நான்தான் வேண்டாம்னுட்டேன்," என்றேன்.

தாளாளர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் பங்கு போட்டு முடிச்சாச்சா? மதியம் ரெண்டு மணிக்கு வாரேன். என் காதுல 'விழா'ன்னு விழுந்தாப் பாட்டு. இல்லாட்டி கேசட்டுத்தான்." அவர் போய்விட்டார். அவர் சொன்னதில் நிரந்தரம் என்ற பேச்சே இல்லை என்பதை நான் கவனித்தேன். டீச்சரும் கவனித்திருப்பார்.

பள்ளி அலுவலகத்திலிருந்து கடைக்குப் போன் போட்டேன். மறுபடி அடித்து எடுக்கலாம் என்றால் அங்கேயும் கரண்ட் இல்லை. நடந்ததைக் கேட்டுவிட்டு அண்ணன் சிரித்த சிரிப்பு அலுவலகம் முழுவதும் கேட்டிருக்கும். எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். அதை வைத்து என்னைச் சீண்டாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. "ஏந்தாயி, உங்க வீட்டுப் பாஷையில குறில் நெடிலே கெடையாதாக்கும்?"

"இருக்குண்ணே. எனக்குத்தான் கண்ணு இல்லாமப் போச்சு."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். "சரி, அழுவாத. பிளேடும் கறுப்புப் பேனாவும் எடுத்துக்கிட்டு நானே வாரேன். புள்ளியைச் சுரண்டி அந்தப் பக்கம் வைக்கணும், அம்புட்டுத்தான?"

அம்புட்டுத்தான். நாற்பது தாள், ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு இடம். அண்ணன் மொபெட்டில் வந்து சேர்ந்து, இருவரும் மேடைப் படியில் உட்கார்ந்து சுரண்ட ஆரம்பித்தோம். மூன்று தாள் முடிப்பதற்குள் ஒன்றில் ஓட்டையும் போட்டுவிட்டேன். பாட்டு டீச்சர் வந்து என் கையிலிருந்து பிளேடை வாங்கிவிட்டார்.

"விடுங்க. மூணு வாரமாப் பாடிப் பாடி வாயில ஏறிப்போச்சு. இப்பத் தாளைத் திருத்துனா வாய் திருந்துமா? அதுக வாய்க்கு அந்தச் சொல்லு என்னன்னே தெரியாது. முதல்ல அதைச் சொல்லுவோம்."

பையன்களின் தாள்களை எல்லாம் வாங்கி ஓரமாக வைத்தார். ஒவ்வொரு பையனுக்குப் பக்கத்திலும் ஒரு பெண்ணை நிற்க வைத்தார். பாடக் கூடாது, பேச வேண்டும். நிலா. உலா. விழா. பேசிக் காட்டினார்கள். பையன்கள் திருப்பிச் சொன்னார்கள். சரியாகத்தான் சொன்னார்கள். ஆனால் மெட்டோடு சேர்த்தவுடன் பழையபடி 'வீழ' என்று சரிந்தது. ஒரு பையன் கையைத் தூக்கி, இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

பாட்டு டீச்சர் சுற்றுமுற்றும் பார்த்தார். படியில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். நல்ல ஆகிருதி. "அண்ணே, கொஞ்சம் மேல வாரீங்களா? 'விழா'ன்னு நான் சொன்னா, ஜல்லிக்கட்டுல மாடு பிடிச்சாப்புல துண்டைச் சுத்துங்க. 'வீழ'ன்னு சொன்னா…"

"விழணும். அம்புட்டுத்தான? வெளங்கிருச்சு," என்றார் அண்ணன்.

டீச்சர் 'விழா' என்றார். அண்ணன் தோளிலிருந்த துண்டை எடுத்துத் தலைக்கு மேல் சுழற்றி, நாக்கை மடித்து ஒரு விசில் அடித்தார். டீச்சர் முதல் எழுத்தை நீட்டி 'வீழ' என்றார். அண்ணன் அப்படியே மேடையில் தொப்பென்று விழுந்தார். பலகை அதிர்ந்தது. நாற்பது பையன்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அதற்குப் பிறகு யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. பாட ஆரம்பித்தார்கள். எவனாவது ஒருவன் முதல் எழுத்தை நீட்டினால் அண்ணன் விழுவார். முதல் தடவை நாலைந்து முறை விழுந்தார். அடுத்த தடவை இரண்டு. அதற்கடுத்த தடவை அவர் விழவே இல்லை, துண்டுதான் சுழன்றது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியில் வந்து உட்கார்ந்தவர், "ஒம் புள்ளிக்கு நான் விழுந்து எந்திரிக்க வேண்டியதாப் போச்சு தாயி," என்றார். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

இரண்டு மணிக்குத் தாளாளர் வாசலிலேயே நின்று கேட்டார். பாட்டு முடிந்தது. "கேசட்டைக் கொண்டுபோய் ரூம்ல வைங்க," என்று யாரிடமோ சொல்லிவிட்டுப் போனார். மாலையில், கரண்ட் வந்த பிறகு, நிறைந்த மண்டபத்தில் அந்தப் பாட்டைப் பாடினார்கள். ஒரு வாய்கூட வீழவில்லை. கலெக்டர் கை தட்டினார். தாளாளர் மேடையில் எல்லாருக்கும் நன்றி சொன்னார், பாட்டு டீச்சரின் பெயரையும் சொன்னார். ஆர்டர் பற்றி ஒரு சொல் இல்லை.

"என்ன டீச்சர், ஒண்ணும் சொல்லலையே?" என்று வாசலில் கேட்டேன்.

"பாக்கலாம். ஜூன் மாசம் வரட்டும்," என்றார். பதினோரு வருஷம் பழகிய பதில் அது. அன்றைக்கு வீட்டுக்குப் போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு ஜன்னல் காற்றுகூடப் பிடிக்கவில்லை.

இப்போது அந்தத் தங்கை கேட்ட ஷார்ட்கட். சுரம் எல்லாவற்றையும் சமமாகவே அடியுங்கள், அதில் தப்பில்லை. புள்ளிக்கு ஒரு விசை போதாது, இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்: நெட்டை-குட்டைக்கு ஒன்று, குட்டை-நெட்டைக்குப் பக்கத்திலேயே இன்னொன்று. பக்கம் முழுவதையும் ஒரேயடியாகத் தேர்ந்தெடுக்காதீர்கள். அதற்கும் முன்னால், புள்ளியைத் தொடுவதற்கு முன், சொற்களை அடித்துவிடுங்கள். ஆங்கில எழுத்தில் போகும் தாளாக இருந்தாலும் முதலில் தமிழில் அடித்து, வாய்விட்டுப் பேசிப் பாருங்கள். தமிழ் வாய்க்கு எது குட்டை, எது நெட்டை என்று தெரியும். வேகம் குறையாது, நான் கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறேன். அப்புறம், எழுதியவர் உயிரோடு, கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது அவருடைய காகிதத்தை நீங்களாகத் திருத்தாதீர்கள். விசித்திரமாக ஒன்று தெரிந்தால் கேளுங்கள். கேட்டால் நம்மை வேலை தெரியாதவள் என்று நினைப்பார்களோ என்று பயமாக இருக்கும். நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும். அன்றைக்கு ஒரு கேள்வி கேட்டிருந்தால் எங்கள் அண்ணனின் இடுப்பாவது தப்பியிருக்கும்.

ஜூன் மாதம் முடியப் போகிற நேரம். பாட்டு டீச்சர் மாடிப்படி ஏறி வந்தார். ஒரு மெல்லிய உறையிலிருந்து புதுப் பாட்டு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். நீல மை. நான்கு இடத்தில் சிவப்புக் கோடு. நான் அவசரப்படவில்லை. ஒவ்வொரு கோட்டின் மேலும் விரல் வைத்து, அந்த இடத்துச் சொல்லை வாய்விட்டுச் சொல்லி, "இது கவனம்தானே டீச்சர்?" என்று கேட்டேன். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். அண்ணன் தன் மேசையிலிருந்து, இடுப்பைத் தடவிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். அடியில் அதே பழைய ரப்பர் ஸ்டாம்ப்: இசை ஆசிரியை. பக்கத்தில் இருந்த அடைப்புக்குறியின் மேலும் அதற்குள் இருந்த சொல்லின் மேலும் சிவப்பு மையில் ஒரு கோடு.

அதன் மேலும் விரல் வைத்தேன். கேட்டேன். "டீச்சர், இந்தக் கோடும் கவனமா?"

"இல்லைங்க," என்றார் பாட்டு டீச்சர். "அது மட்டும் தப்பு. எடுத்துருங்க."